என் மனைவியின் கடைசிப் பெயர்

சக்கர நாற்காலி வரைந்த நீலக் கட்டத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கினால், இந்த ஊரில் யாரும் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்க்கிறார்கள். திட்டுவதில்லை, ஒரு வார்த்தை கேட்பதுமில்லை. தள்ளுவண்டியில் மளிகைப் பையோடு போகிற அம்மாள் ஒரு கணம் நின்று உங்கள் முழங்காலிலிருந்து பாதம்வரை பார்த்துவிட்டுப் போவார். என் மனைவி மல்லிகாவுக்கு முடக்குவாதம். மூட்டுகள் வீங்கும் நாட்களில் பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூட அவளால் பிடிக்க முடியாது. வீக்கம் வடிந்த நாட்களில் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, சாதாரணமாகத்தான் நடப்பாள். அந்த நல்ல நாட்களில், காரிலிருந்து இறங்கியதும் முதல் பத்தடியை அவள் கொஞ்சம் நொண்டி நடப்பதை ஒருநாள் கவனித்தேன். "வலிக்குதா?" என்றேன். "இல்லங்க, பாக்கறாங்கல்ல, அதான்" என்றாள். இல்லாத வலியை நடித்துக் காட்டி, இருக்கிற வலியை நம்ப வைக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரிலிருந்து பத்து நிமிடத் தொலைவில், ஒரு சிறிய டவுன்ஷிப்பில் பதினேழு வருடங்களாக இருக்கிறோம். ஊரின் பெயர் வேண்டாம். நான் மென்பொருள் சோதிக்கிறவன். வாரத்தில் இரண்டு நாள் ரயிலேறி மன்ஹாட்டன் போகிறேன், மற்ற நாட்களில் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். மருத்துவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும், அந்த நீல அட்டைக்கு விண்ணப்பிக்க மல்லிகா இரண்டு வருடம் சம்மதிக்கவில்லை. காரின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிடுகிற, ஹேண்டிகேப் பிளக்கார்ட் என்று இங்கே சொல்கிற அட்டை அது. "அத மாட்டிக்கிட்டு ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமா?" என்பாள். கடைசியில் ஒரு குளிர்காலத்தில், பனி இறுகிக் கிடந்த கடை வாசலில் காரிலிருந்து கதவுவரை போக முடியாமல் பாதியில் நின்றுவிட்டாள். மறுநாள் அவளே படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

அட்டை வந்த பிறகு அவளுடைய உலகம் கொஞ்சம் பெரிதானது. நூலகத்தில் சனிக்கிழமை காலையில் வெளிநாட்டினருக்கு ஆங்கிலம் பேசப் பழக்கும் வகுப்பு ஒன்று நடக்கிறது. கொரியாக்காரர், எகிப்துக்காரர், பெரு நாட்டுப் பெண்கள் இருவர், இவள் என்று ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். நானோ எங்கள் மகள் இனியாவோ கூட இல்லாமல் அவளுக்கென்று இந்த நாட்டில் கிடைத்த முதல் இடம் அது. வெள்ளிக்கிழமையே உடுத்த வேண்டியதை எடுத்து வைத்துவிடுவாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. அவளை நூலக வாசலில் இறக்கிவிட்டுப் போய், வகுப்பு முடியும் நேரத்துக்குத் திரும்பி வந்து நீலக் கட்டத்தில் காரை நிறுத்தி, அட்டையை மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். வாகன நிறுத்தத்தைக் கண்காணிக்கும் டவுன்ஷிப் அதிகாரி கண்ணாடியைத் தட்டினார். இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். அட்டை யாருடையது என்றார். மனைவியுடையது, உள்ளே வகுப்பில் இருக்கிறாள் என்றேன். அட்டையையும், அதோடு தரப்படும் அடையாளச் சீட்டையும், என் ஓட்டுநர் உரிமத்தையும் வாங்கி, சீட்டையும் உரிமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்கள் கடைசிப் பெயர் வைத்தியலிங்கம். இதில் குணசேகரன் என்று இருக்கிறதே. யார் அந்தக் குணசேகரன்?"

"நான்தான் குணசேகரன்."

"நீங்கள் வைத்தியலிங்கம் இல்லையா?"

"வைத்தியலிங்கம் என் அப்பா."

"அவர் எங்கே?"

"இறந்துவிட்டார்."

இதைப் படிக்கிற உங்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இருக்காது. அப்பா பெயர் வைத்தியலிங்கம், எனவே நான் குணசேகரன் வைத்தியலிங்கம். கணவன் பெயர் குணசேகரன், எனவே அவள் மல்லிகா குணசேகரன். பெயருக்குப் பின்னால் சாதியைத் தூக்கிக்கொண்டு திரிவதை விட்டவர்கள் நாம். விட்ட இடத்தில் அப்பாவோ கணவனோ வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஊரில் அது ஒரு எழுத்து. 'வை' என்று புள்ளி வைத்து முடித்துவிடலாம். பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் அந்த ஒற்றை எழுத்து வாலாக நீண்டு, விமானமேறி வந்து, இந்த இளைஞரின் கையில் இரண்டு வெவ்வேறு குடும்பங்களாகப் பிரிந்து கிடந்தது. செத்துப்போன உறவினரின் அட்டையை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறவர்கள் இங்கே உண்டாம். அவருக்கு என் விஷயம் புரிந்துவிட்டது, அதாவது தவறாக.

"ஒரு நிமிடம் இருங்கள், மனைவியைக் கூட்டி வருகிறேன்" என்று என் உரிமத்தை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அன்று மல்லிகாவுக்கு நல்ல நாள் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, கோட் மாட்டி, படிப்பகத்தைக் கடந்து வாசலுக்கு வர நேரம் பிடித்தது. நாங்கள் வெளியே வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். வைப்பரில் டிக்கெட் செருகியிருந்தது. அட்டை இல்லை. தவறாகப் பயன்படுத்தியதால் பறிமுதல் என்று எழுதியிருந்தது. அதன் கீழே, அவசரக் கையெழுத்தில், அட்டைக்குரியவர் இறந்துவிட்டதாக ஓட்டுநரே கூறினார் என்றும் ஒரு வரி.

மல்லிகா அந்த வரியை மெதுவாக, வகுப்பில் வாசிப்பதைப் போல வாசித்தாள். 'டிசீஸ்ட்' என்ற சொல்லில் நின்றாள். "இது வியாதியா, சாவா?" என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னேன்.  வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது, "இனிமே நான் சனிக்கிழமை போகல" என்றாள்.

அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். என்னோடு ரயிலில் வரும் ரஃபீக், ராமநாதபுரத்துக்காரர், அதைத்தான் சொன்னார். "பாஸ், இங்க பார்க்கிங் டிக்கெட் மழை மாதிரி. பே பண்ணிட்டு மறந்துடுங்க. ஃபைட் பண்ணா லீவு போறதுதான் மிச்சம்." ஆனால் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும், அட்டையும் திரும்ப வராது. புது அட்டை கேட்டு மோட்டார் வாகன அலுவலகத்துக்குப் போனேன். பழையது பறிமுதலில் இருக்கிறது, வழக்கு முடியாமல் தர முடியாது என்றார்கள். காவல் நிலையத்துக்குப் போனேன். அது கோர்ட்டின் கையில் இருக்கிறது என்றார்கள். டவுன்ஷிப் கோர்ட்டின் சன்னலுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி, அட்டை காவல் நிலையத்தில் அல்லவா இருக்கிறது என்றார். வாய்தா ஒருமுறை தள்ளிப்போனது, மறுமுறையும் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் 'ஹாவ் எ குட் டே' என்று வாழ்த்தி அனுப்பினார்கள். நம் ஊர் அலுவலகங்களில் "போய்ட்டு அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அதில் சலிப்பாவது இருக்கும், நாமும் பதிலுக்குச் சலித்துக்கொள்ளலாம். இந்தப் புன்னகையிடம் எதைச் சொல்வது?

அந்த வாரங்களில் மல்லிகா மருத்துவரிடம் போவதைத் தவிர வெளியே வரவில்லை. மன்னார்குடியிலிருந்து அவள் அண்ணன் போனில் கூப்பிட்டார். விஷயம் தெரிந்து கொதித்தார். "ஒரு அட்டைக்குப் போயி இவ்வளவு அலைச்சலா? பேசாம இங்க வந்துடு பாப்பா. உன்னத் தூக்கிட்டுப் போக நாலு பேர் இருக்கோம்."

"தூக்க ஆள் இருக்குன்னுதாண்ணே நான் வரல" என்றாள் மல்லிகா.

அவர் சிரித்தார், வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். எனக்கு அவர் மகள் கல்யாணம் நினைவுக்கு வந்தது. மண்டபத்துக்குப் பதினான்கு படி, கைப்பிடி கிடையாது. மல்லிகா கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் உறவுக்காரப் பையன்கள் நாலு பேர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவளை அதில் உட்கார வைத்து, "ஏய் பாத்து, பாத்து" என்று கூவிக்கொண்டே தூக்கிப் போனார்கள். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்பில் ஒரு குறையும் இல்லை. இறங்கும்போதும் அதே நாலு பேர் ஓடி வந்தார்கள். பட்டுப்புடவை கசங்கி, பின்னல் அவிழ்ந்து, அவள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. இங்கே அவளைத் தூக்க யாருமில்லை. ஆனால் கடை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தார்கள், அதிலிருந்து அவள் தானாக நடந்து உள்ளே போனாள். இப்போது அந்தக் கட்டமும் இல்லையென்று ஆகிவிட்டது.

ஓம்பட்ஸ்மன் என்று ஒருவர் இருப்பதை எனக்குச் சொன்னது ரஃபீக்தான். அவருடைய மைத்துனர் வாடகை வழக்கு ஒன்றில் அலைந்தபோது போய்ப் பார்த்தாராம். கவுன்டி, அதாவது மாவட்ட, நீதிமன்றத்தில் பொதுமக்களின் குறை கேட்பதற்கென்றே உட்கார்ந்திருக்கும் அதிகாரி. தீர்ப்பை மாற்ற முடியாது, வக்கீல் போல வாதாட முடியாது. எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியும். கேட்டதும் எனக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. அப்பா போன பிறகு, நின்றுபோன அம்மாவின் உதவித்தொகைக்காகக் கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் வரிசையில் நின்றிருக்கிறேன். வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருபவர், "தாங்கள் பெரியமனது வைத்து" என்று ஆரம்பித்தால்தான் பேனாவே ஓடும் என்பார். நானும் அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்து, அதே வாசகத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். தாழ்மையுடன் பணிந்து வேண்டுகிறேன், என் அறியாமையைப் பொறுத்தருள வேண்டும், கருணையுடன் பரிசீலிக்க வேண்டும். இனியாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவளுக்குப் பதினாறு வயது, இங்கேயே பிறந்தவள்.

"அப்பா, யூ சௌண்ட் லைக் யூ டிட் இட்" என்றாள்.

"மரியாதையா எழுதினா தப்பு பண்ணவன்னு அர்த்தமா?"

"ஹியர், எஸ்" என்றாள். பேனாவை எடுத்து, பணிவு எல்லாவற்றையும் அடித்தாள். அடித்து முடித்தபோது என் இரண்டு பக்கத்தில் ஆறு வரி மிஞ்சியது. அதைப் படிக்க எனக்கு வேறு யாரோ எழுதியதைப் போல இருந்தது. அதைத்தான் அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் நேரம் குறித்து மின்னஞ்சல் வந்தது. ஓம்பட்ஸ்மன் ஒரு பெண்மணி. பெயர் ரோசா, அறுபதை நெருங்கும் வயது, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. பெற்றோர் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களாம். நான் ஆறு வரியைத் தாண்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறாமல் கேட்டுவிட்டு, "முதலில் எனக்கு ஒன்று புரிய வேண்டும். உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்றார்.

"எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது."

"யூ ஹாவ் நோ ஃபேமிலி?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"குடும்பம் இருக்கிறது. பெயர்தான் இல்லை" என்றேன். என் ஆங்கிலம் அங்கே நின்றுவிட்டது. ஒரு காகிதத்தை வாங்கி, நான்கு கட்டம் போட்டு, அம்புக்குறிகள் போட்டுக் காட்டினேன். அப்பாவின் முதல் பெயர் என் பின்னால், என் முதல் பெயர் மனைவி பின்னாலும் மகள் பின்னாலும். ரோசா காகிதத்தை ஒருமுறை தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்.

"அப்படியென்றால், உங்கள் மனைவியின் கடைசிப் பெயரே நீங்கள்தான்!"

பதினேழு வருடத்தில் இதை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட முதல் அமெரிக்கர் அவர். தன் அம்மாவும் இரண்டு குடும்பப் பெயர் வைத்திருந்தார், பள்ளிக்கூடத்தில் அதில் ஒன்றைத் தொலைத்துவிட்டார்கள் என்றார். பிறகு வேலையில் இறங்கினார். கல்யாணச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது, அதற்கு முறைப்படி மொழிபெயர்ப்பு வேண்டும், அது வர நாளாகும். "ஆனால் கோப்பில் உங்கள் மனைவி இறந்துவிட்டதாக இருக்கிறது. அது தவறு என்று நான் எழுத வேண்டுமானால், நான் அவரைப் பார்ப்பது நல்லது. அவரால் வர முடியுமா?"

வீட்டில் சொன்னபோது மல்லிகா வெடித்தாள். "நான் உசுரோட இருக்கேன்னு போயி காட்டணுமா? பார்க்கிங்குல காலைத்தான் பாப்பாங்க, இங்க ஆளையே பாக்கணுமாமா?"  மறுநாள் காலை அவளே நீல நிறச் சுங்குடிப் புடவை கட்டி, மேலே கோட் போட்டு, ஹாலில் உட்கார்ந்திருந்தாள்.

கவுன்டி நீதிமன்றத்தில் வாசலுக்குப் பக்கத்தில் நான்கு நீலக் கட்டங்கள் இருந்தன, மூன்று காலி. அட்டை இல்லாமல் அதில் நிறுத்த முடியாது. வாசலில் காரை நிறுத்தி இறக்கிவிடவும் அன்று வழியில்லை, நடைபாதையைத் தோண்டிப்போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். வாகன நிறுத்தத்தின் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. மார்ச் மாதத்துக் காற்று முகத்தில் அறைந்தது. ரோசாவுக்குப் போன் செய்து தாமதமாகும் என்றேன். "அங்கேயே இருங்கள், நான் வருகிறேன்" என்றார். "அவங்க எதுக்கு வரணும்?" என்று மல்லிகா அதற்குள் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். பத்தடி நடந்து, ஒரு காரின் மேல் கை வைத்து நின்று, மறுபடி பத்தடி. பாதி தூரத்தில், கையில் கோப்போடு, கோட்கூடப் போடாமல் ரோசா எதிரே வந்தார். மல்லிகாவின் முன்னால் நின்று பெயரைச் சொல்லி வணங்கினார். பெயரைச் சரியாகவே உச்சரித்தார், பழகிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "டு யூ வான்ட் மை ஆர்ம்?" என்று கேட்டார்.

மல்லிகா ஒரு கணம் யோசித்தாள். "எஸ், ப்ளீஸ்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்து என்னிடம் தமிழில் சொன்னாள்: "கேட்டுட்டுப் புடிக்கிறாங்க, பாத்தீங்களா?"

ரோசா என்ன எழுதினார், யாரோடு பேசினார் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. பத்து நாளில் டவுன்ஷிப் கோர்ட்டிலிருந்து புதிய தேதி வந்தது. விசாரணை வீடியோவில். மல்லிகா இனியாவோடு உட்கார்ந்து மூன்று வாக்கியங்கள் தயார் செய்தாள். எழுதி, மாற்றி, வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள். அன்று காலை இஸ்திரி போட்ட புடவையில் லேப்டாப் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்களுக்கு முன்னால் ஏழு வழக்குகள். எங்கள் முறை வந்ததும் நீதிபதி என் பெயரைத் தடுமாறிப் படித்தார். அரசுத் தரப்பு வழக்கறிஞர், குறிப்பில் தவறு இருப்பதால் வழக்கைத் திரும்பப் பெறுகிறோம் என்றார். தள்ளுபடி, அட்டையைக் காவல் நிலையத்தில் பெற்றுக்கொள்ளலாம், ஹாவ் எ குட் டே. திரையில் அடுத்தவர் முகம் வந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்றாள் மல்லிகா.

"அவ்ளோதான். ஜெயிச்சுட்டோம்."

"என்னை ஒண்ணும் கேக்கலையே."

அவள் கையில் அந்த மூன்று வாக்கியங்கள் எழுதிய தாள் நாலாக மடித்து இருந்தது. நான் ஆறுதல் சொல்ல முயன்றேன். இதற்குத்தானே அலைந்தோம், கிடைத்துவிட்டதே என்றேன். அவள் தலையாட்டினாள். எனக்கும் சந்தோஷம் வரவில்லை. இரண்டரை மாத அலைச்சல் ஒன்றரை நிமிடத்தில் கரைந்தபோது உடம்பில் அலுப்பு மட்டும்தான் மிச்சமிருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அட்டையை வாங்க நான் போவதாக இருந்தேன். "நானே வரேன்" என்றாள். காவல் நிலையத்தின் முன்மேசையில், பொருட்களைத் திருப்பித் தரும் பொறுப்பில் ஒரு வயதான அலுவலர் இருந்தார். உறையைத் தேடி எடுத்து, "யார் இதற்கு உரியவர்?" என்றார்.

மல்லிகா மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். தாளைப் பிரிக்கவில்லை. "மை நேம் இஸ் மல்லிகா. திஸ் கார்ட் இஸ் மைன், அண்ட் ஐ ஆம் நாட் டெட். ஐ வாஸ் இன்சைட் தி லைப்ரரி, லேர்னிங் டு ஸ்பீக்."

அந்த மனிதருக்கு வழக்கைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு நொடி அவளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும். "எஸ், மேம்" என்றார். "ஐ கேன் சீ தட்." பிறகு பெற்றுக்கொண்டதற்கான படிவத்தைத் தள்ளி வைத்து, பேனாவை அவள் விரல்களுக்கு வாகாகத் திருப்பிக் கொடுத்தார்.

படிவத்தில் இரண்டு வரி. மேல் வரியில் பெயரை அச்சு எழுத்தில் எழுதச் சொல்லியிருந்தது. வீங்கிய விரல்களால் ஒவ்வொரு எழுத்தாக, ஆங்கிலத்தில், கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினாள். கீழ் வரியில் கையெழுத்து. அதை அவள் எப்போதும் போடுவதைப் போலத் தமிழில், 'மல்லிகா' என்று ஒரே இழுப்பில் போட்டாள். அலுவலர் தாளை வாங்கிப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். அந்தக் கையெழுத்தில் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் தாளை ஒருமுறை முழுதாகச் சுற்றினார். பிறகு மேல் வரியைப் படித்துத் திருப்தியாகி, முத்திரை குத்தி, பின்னாலிருந்த இரும்பு அலமாரியில் வைத்து மூடினார். அந்தத் தாள் இப்போதும் அங்கேதான் இருக்கும். அதில் ஒரு வரியைத்தான் அவர்களால் படிக்க முடியும்.